பழைய மடிகணினியில் இரண்டு எஸ்எஸ்டிகளை ஒன்றாக இணைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் என் மேசைக்கு வரும் மடிகணினிகளில் பெரும்பாலானவை, வெளிநாட்டு அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுக் கொழும்பு வழியாக மலைக்கு ஏறிவந்த, 2010க்கும் 2014க்கும் இடைப்பட்ட காலத்துத் தயாரிப்புகள். அவற்றின் ஹார்ட் டிஸ்கை அகற்றி 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டின்றி மின்னணுச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்றை ஏற்கெனவே போட்டிருப்பார்கள். அது நிரம்பியதும் இன்னொன்றை வாங்கி வந்து, இரண்டையும் ஒரே டிரைவாகக் காட்டித் தர முடியுமா என்று கேட்பார்கள். முடியும். ஆனால் செய்யும் வேலையைவிட, செய்வதற்கு முன் யோசிக்க வேண்டியது அதிகம் என்பதால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டை ஒன்றாக்குவது என்றால் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

ஒன்றாக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லிக் கேட்பதால்தான் பாதிக் குழப்பம் உண்டாகிறது. கொழுந்து பறிப்பவர் ஒருவர் தம்மிடம் உள்ள இரண்டு கூடைகளில் முதலாவது நிரம்பிய பிறகே இரண்டாவதைத் தொடலாம். அல்லது ஒரு பிடியை ஒரு கூடையிலும் அடுத்த பிடியை மற்றதிலுமாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போகலாம். முதல் முறை தொடர் இணைப்பு; விண்டோஸ் இதை ஸ்பான்டு வால்யூம் என்றும் லினக்ஸ் லீனியர் என்றும் அழைக்கும். இரண்டாவது முறை ஸ்ட்ரைப்பிங், அதாவது ரெய்டு 0. இதில் ஒவ்வொரு கோப்பும் குறிப்பிட்ட அளவுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒற்றை எண் துண்டுகள் ஒரு டிரைவுக்கும் இரட்டை எண் துண்டுகள் மற்றதுக்கும் போகின்றன.

ரெய்டு என்ற சொல் 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் வழியாகப் பரவியது. விலை குறைந்த பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு பிழைத்திருக்கும்படி செய்வதே அவர்கள் நோக்கம். பூச்சியம் என்ற எண்ணைத் தாங்கிய ரெய்டு 0இல் அந்தப் பாதுகாப்பு கொஞ்சமும் கிடையாது என்பதால், அது பெயரளவில்தான் ரெய்டு. ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 பாதுகாப்பைத் தரும். ஆனால் 256 ஜிபி இரண்டைப் போட்டாலும் 256 ஜிபி இடமே கிடைக்கும் என்பதால், இடம் வேண்டி வருபவர்கள் அதைக் கேட்ட மாத்திரத்திலேயே வேண்டாம் என்று விடுகிறார்கள்.

என் மடிகணினிக்குள் இரண்டாவது எஸ்எஸ்டியை எங்கே பொருத்துவது?

டிவிடி டிரைவ் இருந்தால் அந்த இடமே முதல் தெரிவு. டிவிடி டிரைவை உருவி எடுத்துவிட்டு, அதே வடிவில் கிடைக்கும் கேடி என்ற சட்டத்துக்குள் 2.5 அங்குல எஸ்எஸ்டியை வைத்துத் தள்ளிவிடலாம். பெரும்பாலான மாதிரிகளில் அடிப்பக்கத்தில் இருக்கும் ஒரேயொரு திருகாணிதான் டிவிடி டிரைவைப் பிடித்து வைத்திருக்கிறது. கேடி 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரண்டு தடிப்புகளில் வரும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா வரை போய், தவறான தடிப்பில் வாங்கிக்கொண்டு திரும்புபவர்கள் உண்டு. ஆகவே புறப்படுவதற்கு முன் டிவிடி டிரைவை வெளியே எடுத்து ஓர் அளவுகோலால் அளந்துவிடுங்கள். மிகப் பழைய கணினிகளில் டிவிடி டிரைவின் இணைப்பு, எஸ்எஸ்டிகள் பயன்படுத்தும் சாட்டா வகையாக இல்லாமல், அதற்கு முந்தைய ஐடிஈ வகையாக இருக்கும். பின்பக்க இணைப்பில் தங்க நிறத் தட்டையான தொடுப்புகளுக்குப் பதிலாக நெருக்கமான சிறு துளை வரிசைகள் தெரிந்தால் அது ஐடிஈ. அப்படிப்பட்ட கணினியில் இந்த முயற்சியே வேண்டாம்.

உள்ளங்கை வைக்கும் பகுதிக்குக் கீழோ விசைப்பலகைக்குக் கீழோ, சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்-சாட்டா துளை இருக்கும் மாதிரிகளும் உண்டு. சிம் கார்டு மோடத்துக்காக வைக்கப்பட்ட மினி பிசிஐ-ஈ துளையும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். ஆனால் உற்பத்தியாளர் அந்தத் துளைக்குச் சாட்டா கம்பிகளை இழுத்திருந்தால் மட்டுமே எஸ்எஸ்டி அங்கே வேலை செய்யும். மாதிரி எண்ணுக்குரிய பராமரிப்புக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் எம்-சாட்டா அட்டையை வாங்காதீர்கள்.

இணைத்தால் வேகம் இரட்டிப்பாகுமா?

இந்தக் கேள்விக்குத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் என் வழக்கம். சாட்டா இணைப்பு மூன்று தலைமுறைகளாக வந்தது: முதலாவது நொடிக்கு 1.5 கிகாபிட், இரண்டாவது 3 கிகாபிட், 2009இல் வெளியான மூன்றாவது 6 கிகாபிட். ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டாக அனுப்பப்படுவதால், இவற்றின் உச்ச வரம்பு முறையே 150, 300, 600 மெகாபைட். நடைமுறையில் நல்ல எஸ்எஸ்டி ஒன்று மூன்றாம் தலைமுறை இணைப்பில் 550 வரையும், இரண்டாம் தலைமுறை இணைப்பில் 270 வரையும் தரும்.

இன்டெல் நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு 6 தொடர் சிப்செட்டில் (டிரைவ்களையும் மற்ற பாகங்களையும் கட்டுப்படுத்தும் சில்லு) ஆறு சாட்டா வாயில்கள் இருந்தன. அவற்றில் இரண்டுக்குத்தான் 6 கிகாபிட் வேகம், மற்ற நான்குக்கும் 3 கிகாபிட். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்கு வேகமான வாயிலையும் டிவிடி இடத்துக்கு மெதுவான வாயிலையும் கொடுத்த மடிகணினிகளில் என்ன நடக்கும் என்று பாருங்கள். முதல் எஸ்எஸ்டி தனியாக இருந்தபோது 550 தந்தது. இரண்டாவதை ரெய்டு 0 ஆகச் சேர்த்ததும், துண்டுகள் சரிபாதியாகப் பகிரப்படுவதால் வேகமான டிரைவ் மெதுவான டிரைவுக்காகக் காத்து நிற்க வேண்டும். ஆக 270இன் இரு மடங்கு, அதாவது 540 கிடைக்கும். காசு கொடுத்து, டிவிடி டிரைவை இழந்து, ஆபத்தை இரு மடங்காக்கிக்கொண்ட பிறகு, முன்பிருந்த இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

இரண்டு வாயில்களும் 3 கிகாபிட்டாகவே உள்ள 2009, 2010 காலத்துக் கணினிகளில் மட்டும் 270 என்பது 500ஐத் தாண்டும்; அதுவும் பெரிய காணொளிக் கோப்புகளைப் படிக்கும்போதும் நகலெடுக்கும்போதும்தான். கணினி திறப்பது, வேர்ட் திறப்பது, பிரவுசரில் பத்துப் பக்கங்கள் திறந்திருப்பது ஆகியவற்றில் நடப்பது நாலாயிரம் பைட் அளவிலான சிறு சிறு வாசிப்புகள். ஒரு துண்டைவிடச் சிறியதான அந்த வாசிப்பு ஒரே டிரைவில் முடிந்துவிடுவதால், மற்ற டிரைவ் அதற்கு உதவ வழியில்லை. வேகத்துக்காக என்று வருபவர்களை நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இன்னொரு 4 ஜிபி ரேம்.

உங்கள் வாயில்களின் வேகத்தை அறிய கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, டிரான்ஸ்ஃபர் மோட் என்ற வரியைப் பாருங்கள். சாட்டா 300, சாட்டா 600 என இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது இப்போது ஓடும் வேகம், இரண்டாவது அந்த எஸ்எஸ்டியால் எட்டக்கூடிய வேகம்.

ஒன்று பழுதானால் மற்றதில் உள்ளவையாவது மிஞ்சுமா?

ரெய்டு 0 என்றால் மிஞ்சாது. துண்டின் அளவு 128 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், 5 எம்பி புகைப்படம் ஒன்று நாற்பது துண்டுகளாகும். அவற்றில் இருபது செத்த டிரைவில் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக எஞ்சிய இருபது துண்டுகளை வைத்துப் படத்தை மீட்க முடியாது. தொடர் இணைப்பில் ஒரு கோப்பு முழுதாக ஒரே டிரைவில் இருக்கக்கூடும் என்பதால், மீட்பு மென்பொருளால் சிலவற்றைத் தோண்டியெடுக்க வாய்ப்புண்டு. ஆனாலும் வால்யூம் முழுவதும் திறக்காமல்தான் போகும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் எந்த டிரைவில் இருந்தது என்பதைப் பொறுத்தே எதுவும் கிடைக்கும்.

நிகழ்தகவுக் கணக்கும் எளிதானதே. ஓர் எஸ்எஸ்டி ஓராண்டில் பழுதாக நூற்றில் ஒரு வாய்ப்பு என்று ஓர் உதாரணத்துக்கு வைத்தால், இரண்டில் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பு நூற்றில் ஏறக்குறைய இரண்டு. ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் முனகும், டக்டக்கென்று தட்டும், நாம் விழித்துக்கொள்வோம். எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடுகிறது. இரவு மூடிவைத்த கணினி காலையில் அதை அறவே காட்டாது.

இதில் டிரைவ் பழுதாக வேண்டும் என்றுகூட இல்லை. கேடி சட்டம் கொஞ்சம் தளர்ந்தாலே போதும். என் சொந்த மடிகணினியில் ஒருமுறை இரண்டையும் இணைத்து வைத்திருந்தேன். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு றம்பொடை வளைவுகளில் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கித் திறந்தபோது, டிரைவையே காணவில்லை. எஸ்எஸ்டிகள் இரண்டும் நலமாகவே இருந்தன. கேடி மட்டும் அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. உள்ளே அழுத்தியதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்றாலும், அந்த ஐந்து நிமிடத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, கேடிக்குரிய திருகாணியைப் போடாமல் எந்த மடிகணினியையும் யாரிடமும் திருப்பிக் கொடுப்பதில்லை. தொடுப்பு சரியில்லை என்பதை, டிரைவ் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் (கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்க்கலாம்) சி7 என்ற வரி காட்டிக்கொடுக்கும். அது சிஆர்சி பிழைகளின், அதாவது கம்பி வழியில் தரவு சிதைந்துபோன தடவைகளின், எண்ணிக்கை. அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறுமானால் எஸ்எஸ்டியைக் குறை சொல்லாமல் கேடியை மாற்றுங்கள்.

இரண்டும் வெவ்வேறு அளவு, வெவ்வேறு நிறுவனத் தயாரிப்பு. பரவாயில்லையா?

நிறுவனம் வேறாக இருப்பதில் தவறில்லை. அளவு வேறானால், தொடர் இணைப்பில் 240உம் 480உம் சேர்ந்து 720 ஜிபி ஆகும். விண்டோஸின் ஸ்ட்ரைப்டு வால்யூமும் இன்டெல்லின் ரெய்டு 0உம் சிறியதன் இரு மடங்கைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் 480 கிடைக்கும். பெரியதில் பாதி வெளியே நிற்கும். லினக்ஸின் மென்பொருள் ரெய்டு மட்டும் மிஞ்சிய பகுதியையும் சேர்த்துக்கொள்ளும். 256 ஜிபி இரண்டைச் சேர்த்தும் விண்டோஸ் 476 என்றுதான் காட்டுகிறது என்று சிலர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1,024 ஆகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது. நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பயாஸில் ரெய்டு என்று ஒரு தெரிவு இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன் கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள். அதில் அந்தத் தெரிவு இருந்தால் பயன்படுத்தலாம். பல மடிகணினிகளில் அது இருக்காது, டிரைவுடன் பேசும் முறைகளாக ஏஎச்சிஐ, ஐடிஈ என்ற இரண்டு மட்டுமே இருக்கும். டெல் லேட்டிட்யூட் வரிசையில் ரெய்டு ஆன் என்ற தெரிவைக் காணலாம். இரண்டு எஸ்எஸ்டிகளும் பொருத்தப்பட்டு அந்தத் தெரிவு செயலில் இருக்கும்போது, கணினி தொடங்கும் நேரத்தில் கன்ட்ரோல் விசையுடன் ஐ விசையை அழுத்தினால் இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜியின் திரை வரக்கூடும். அங்கே ரெய்டு 0 ஒன்றை உருவாக்கலாம். உருவாக்கும்போது இரண்டிலும் உள்ளவை அழிந்துவிடும். இந்த வழியின் உண்மையான நன்மை, விண்டோஸையே அந்த இணைந்த டிரைவில் நிறுவலாம் என்பது. விண்டோஸின் உள்ளேயிருந்து செய்யும் இணைப்பில் அது முடியாது.

ஒரு தடையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே விண்டோஸ் நிறுவிய பிறகு பயாஸில் ஏஎச்சிஐயை ரெய்டாகவோ ரெய்டை ஏஎச்சிஐயாகவோ மாற்றினால், அடுத்த முறை நீலத் திரைதான் வரும். தொடங்குவதற்குத் தேவையான டிரைவரை விண்டோஸ் ஏற்றிக்கொள்ளாததே காரணம். மாற்றுவதற்கு முன் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவி வழியாக, அவசியமான டிரைவர்களுடன் மட்டும் திறக்கும் சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்து, மறுதொடக்கத்தின்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்த பின் அந்த அமைப்பை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விண்டோஸுக்குள்ளேயே எப்படி இணைப்பது?

இரண்டு வழிகள் உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் டிஸ்க்கை டைனமிக் வகைக்கு மாற்றி, ஸ்பான்டு அல்லது ஸ்ட்ரைப்டு வால்யூம் உருவாக்குவது பழைய வழி. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருப்பது. ஹோம் பதிப்பில் இது கிடையாது. மைக்ரோசாஃப்ட்டே இதைக் கைவிடப்பட்ட அம்சமாக அறிவித்துவிட்டதால், புதிதாக இதில் இறங்குவதை நான் விரும்பவில்லை. விண்டோஸ் 8உடன் 2012இல் வந்த ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் அடுத்த வழி. இது ஹோம் பதிப்பிலும் உண்டு. கன்ட்ரோல் பேனலில் அதைத் திறந்து, டிரைவ்களைத் தெரிவு செய்து, சிம்பிள் என்ற வகையைக் கொடுத்தால் ஒரே டிரைவாகத் தெரியும். சேர்க்கப்படும் டிரைவ்கள் முழுமையாக அழிக்கப்படும் என்பதையும், சிம்பிள் வகையில் ஒன்று போனால் எல்லாம் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு வழிகளிலும் விண்டோஸ் இருக்கும் சி டிரைவைச் சேர்க்க முடியாது. இரண்டே எஸ்எஸ்டிகள் உள்ள மடிகணினியில் ஒன்றில் விண்டோஸ் உட்கார்ந்திருக்கும் நிலையில், ஸ்டோரேஜ் ஸ்பேசஸுக்கு மிஞ்சுவது ஒன்றுதான். ஒன்றை எதனுடன் சேர்ப்பது? பல வழிகாட்டிகள் இந்த இடத்தைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. படித்தவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள்.

எனக்கு வேகம் வேண்டாம். சி டிரைவ் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

என்னிடம் வருபவர்களில் பத்தில் எட்டுப் பேரின் உண்மையான தேவை இது. இதற்கு இணைப்பே தேவையில்லை. இரண்டாவது எஸ்எஸ்டியை விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் ஆக வடிவமைத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் டிரைவ் எழுத்தை மாற்றும் இடத்துக்குப் போய், எழுத்துக்குப் பதிலாக சி டிரைவில் உள்ள வெற்று கோப்புறை ஒன்றைக் காட்டுங்கள். அதன் பிறகு அந்தக் கோப்புறைக்குள் போடுவதெல்லாம் இரண்டாவது எஸ்எஸ்டியில் போய் விழும். பார்ப்பவருக்கு எல்லாம் சி டிரைவுக்குள் இருப்பதாகவே தோன்றும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் ஒருவர் கடந்தகால வினாத்தாள்களையும் பாடக் காணொளிகளையும் அங்கே வைக்கலாம். கோயில் திருவிழாவும் பூப்புனித நீராட்டு விழாவும் படம்பிடிப்பவர் தமது காணொளிகளை அங்கே கொட்டலாம். டாக்யுமென்ட்ஸ், வீடியோஸ் போன்ற கோப்புறைகளின் இருப்பிடத்தை அவற்றின் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியிலிருந்து அங்கே மாற்றிவிட்டால், பழகிய இடத்திலேயே சேமித்துக்கொண்டிருப்பார்கள். இடம் மட்டும் மாறியிருக்கும்.

ஒன்று பழுதானால் மற்றது தப்பும். விண்டோஸை மீண்டும் நிறுவினாலும் இரண்டாவதைத் தொட வேண்டியதில்லை. வசதியில் இணைப்புக்குக் கொஞ்சமும் குறையாத இந்த வழியைத்தான், யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.

லினக்ஸ் போட்டிருக்கிறேன். அங்கே என்ன வழி?

விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டதாலும், இந்தக் காலத்து மடிகணினிகள் விண்டோஸ் 11இன் நிபந்தனைகளை நிறைவேற்றாததாலும், லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று மாறியவர்கள் கூடிவருகிறார்கள். இணைப்பு வேலைக்கும் லினக்ஸே வசதியானது; கணினி தொடங்கும் டிரைவையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

எல்விஎம் என்ற அமைப்பு இடத்துக்காக இணைப்பவர்களுக்கு ஏற்றது. நிறுவும்போதே எல்விஎம் தெரிவு செய்திருந்தால், பிறகு வாங்கும் எஸ்எஸ்டியை அதே தொகுதியில் சேர்த்து, உள்ளே இருப்பவற்றை அழிக்காமலே இடத்தை நீட்டிக்கொள்ளலாம். எந்தத் தனிக் கட்டளையும் கொடுக்காவிட்டால் அது தொடர் இணைப்பாகவே நடக்கும். ஸ்ட்ரைப்பிங் வேண்டுமென்றால் எம்டிஏடிஎம் என்ற கருவி. அதில் துண்டின் அளவு, நாம் மாற்றாத வரை, 512 கிலோபைட். பயாஸின் புதிய வடிவமான யூஈஎஃப்ஐ முறையில் தொடங்கும் கணினியாக இருந்தால், தொடக்கக் கோப்புகள் உள்ள ஈஎஃப்ஐ பகிர்வை இந்த இணைப்புக்கு வெளியே, முதல் எஸ்எஸ்டியில், தனியாக விட்டுவைக்க வேண்டும்; பயாஸுக்கு ரெய்டும் புரியாது, எல்விஎம்மும் புரியாது.

இணைத்த பிறகு டிரிம் வேலை செய்யுமா?

அழித்த கோப்புகளின் இடம் காலியாகிவிட்டது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை டிரிம். அது போய்ச் சேராவிட்டால் நாளடைவில் எழுதும் வேகம் குறையும். லினக்ஸின் மென்பொருள் ரெய்டில் 2012 இறுதியில் வந்த 3.7 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) டிரிம் கடந்து போகிறது. இன்டெல்லின் ரெய்டு 0இல் 7 தொடர் சிப்செட்டும் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜியின் 11ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போகும். அதைவிடப் பழைய கணினியில் பயாஸ் ரெய்டு செய்பவர், ஒவ்வொரு எஸ்எஸ்டியிலும் பத்தில் ஒரு பங்கையாவது பகிர்வு செய்யாமல் வெறுமையாக விடுவது நல்லது.

அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் இது ஆபத்தா?

மடிகணினிக்குப் பேட்டரிதான் யூபிஎஸ். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தபோதும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கின் புண்ணியத்தால் நாடே இருண்டதாகச் சொல்லப்பட்டபோதும், நல்ல பேட்டரி உள்ளவர்கள் கோப்பைச் சேமித்துவிட்டு மூடினார்கள். பத்தாண்டு கடந்த மடிகணினியில் பேட்டரி பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். பிளக்கை உருவியதும் அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தனி டிரைவில் ஒரு கோப்பு சேதமாகலாம்; இணைந்த டிரைவில் ஒரு பக்கம் எழுதப்பட்டு மறுபக்கம் எழுதப்படாத நிலை உண்டாகி, முழு வால்யூமையும் சரிபார்க்க வேண்டி வரலாம். இணைக்க ஒதுக்கிய பணத்தில் முதலில் பேட்டரியை மாற்றுங்கள் என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனாலும் அதைத்தான் சொல்வேன்.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை தொடங்கும் நாட்களில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயன் வீடுகள் சிலவற்றில் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இருக்காது. சார்ஜ் ஏறும்போது மடிகணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் மெல்லச் சுரீரென்பது அதனால்தான். கேடியைப் பொருத்துவதற்கு முன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, திறக்கும் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பேக்கப் எதில் எடுப்பது?

கழற்றி வைத்த பழைய ஹார்ட் டிஸ்க் வீட்டிலேயே இருக்கும். யூஎஸ்பி உறை ஒன்றை வாங்கி அதற்குள் போட்டால் அதுவே பேக்கப் டிரைவ். முதலில் ஸ்மார்ட் பட்டியலில் அதன் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 2.0 வாயில் மட்டுமே உள்ள கணினியில் நொடிக்கு 30 மெகாபைட் அளவில்தான் நகரும் என்பதால் 400 ஜிபிக்கு ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் எடுக்கும். முதல் முறை மட்டுமே அந்த நேரம். அடுத்த முறைகளில் மாறியவற்றை மட்டும் நகலெடுத்தால் போதும். எஸ்எஸ்டியில் பேக்கப் எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். மின்சாரமின்றிக் கிடக்கும் சாதாரணப் பாவனை எஸ்எஸ்டி, தன் எழுத்து ஆயுளின் இறுதியில் 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்பதே மின்னணுப் பாகங்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரக்குறிப்பு. அதற்கு மேல் எவரும் உறுதி தரவில்லை.

இரண்டு ஆண்டு நன்றாக ஓடிய கணினி, திடீரென்று டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய, அதாவது புதிய டிஸ்க்காகத் தயார்படுத்தச் சொல்கிறது. சரி என்று அழுத்தலாமா?

அழுத்தவே கூடாது. பயாஸுக்குரிய சிறு நாணய மின்கலம் தீர்ந்துபோயிருக்கலாம். பழைய மடிகணினியில் அது தீர்ந்ததும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, ரெய்டு என்றிருந்ததை ஏஎச்சிஐ ஆக்கிவிடக்கூடும். நீலத் திரை வராமல் விண்டோஸ் திறந்தால், அது இரண்டு எஸ்எஸ்டிகளையும் தனித்தனியாகக் கண்டு, எழுதப்படாத டிஸ்க் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். நேரமும் திகதியும் பிழையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழையாக இருந்தால் மின்கலத்தை மாற்றிவிட்டு, பயாஸில் பழைய அமைப்பைத் திரும்ப வைத்தால் டிரைவ் வந்துவிடும். நேரம் சரியாகவே இருந்தால் அடுத்ததாகச் சந்தேகிக்க வேண்டியது கேடியின் தொடுப்பு.

இந்த மடிகணினியே செத்துவிட்டால், இரண்டையும் வேறொன்றில் போட்டுத் திறக்கலாமா?

மென்பொருள் வழியாக இணைத்திருந்தால் திறக்கலாம். இணைப்பு பற்றிய குறிப்பு ஒவ்வொரு எஸ்எஸ்டியிலும் எழுதப்பட்டிருப்பதால், லினக்ஸ் ரெய்டும் எல்விஎம்மும் வேறு லினக்ஸ் கணினியில் தாமாகவே சேர்ந்துகொள்ளும். விண்டோஸ் டைனமிக் டிஸ்க்குகளை ஃபாரின் என்று காட்டும். வலது சொடுக்கில் இம்போர்ட் கொடுத்தால் திறக்கும். ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் தொகுதியை, அதை உருவாக்கிய விண்டோஸைவிடப் பழைய பதிப்பில் திறக்க முயலாதீர்கள். இன்டெல் பயாஸ் ரெய்டுக்கு அதே வகைக் கணினி தேவைப்படும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் எம்டிஏடிஎம் கருவிக்கு இன்டெல்லின் குறிப்புகளையும் படிக்கத் தெரியும் என்பதால், இரண்டு எஸ்எஸ்டிகளையும் மேசைக் கணினி ஒன்றில் மாட்டி, லினக்ஸ் பென்டிரைவிலிருந்து தொடங்கிப் படித்துவிடலாம். எப்படியானாலும் இரண்டும் ஒரே நேரத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே கழற்றும்போது ஒரு சிறு தாள் துண்டை ஒட்டி, எது உள்ளே இருந்தது, எது கேடியில் இருந்தது, எந்த முறையில் இணைத்தோம் என்பதைப் பேனாவால் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து அதைத் திறக்கப்போவது நீங்களாக இல்லாமல், உங்கள் தம்பியாகவோ வேறொரு திருத்துநராகவோ இருக்கலாம்.